பிடிமண் கொடுத்த ஊர்களும் சிலை வைத்த நகரமும்

2025 பிப்ரவரியில் ஓர் இரவு, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த நக்கீரர் தோரண வாயிலை இடித்தார்கள். 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது எழுப்பிய வாயில் அது. அன்றைக்கு அந்த இடம் ஊருக்கு விளிம்பு. பிறகு பேருந்து நிலையம் வந்தது, வண்டிகள் பெருகின, வாயிலின் தூண்கள் போக்குவரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டன. இடைஞ்சல் என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. இடிக்கும் வேலையில் ஒரு தூண் சரிந்து மண் அள்ளும் இயந்திரத்தின் மேலே விழுந்தது. அதை ஓட்டியவர் இறந்துபோனார்.

அந்த வாயிலைக் கலைப்படைப்பு என்று சொல்ல ஓவியம் படித்த பலர் தயங்குவார்கள். நான் தயங்க மாட்டேன். ஊருக்குள் நுழைகிறவருக்கு இது இன்ன ஊர் என்று சொல்வதற்காகப் பொதுப் பணத்தில், பொது இடத்தில், ஒரு புலவர் பெயரில் எழுந்தது எதுவானாலும் அது பொதுக் கலைதான். எழுப்பும்போது ஒரு மாநாடு, எடுக்கும்போது ஒரு நீதிமன்ற உத்தரவு. நடுவில் 44 வருஷம். சாலை அகலமானால் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது, அப்படியே பிரித்தெடுக்க முடிகிற மாதிரி கட்டலாமா, எடுக்கிற நாள் வந்தால் யார் எப்படி எடுப்பது என்ற கேள்விகளுக்கு எழுப்பும் நாளிலேயே பதில் இருந்திருந்தால், அந்த இரவில் ஒரு மனிதர் அந்தத் தூணுக்குக் கீழே போயிருக்க வேண்டியதில்லை.

நகரங்கள் பொதுக் கலைக்கென்று ஒரு கொள்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு இப்போது அங்கங்கே கேட்கிறது. தெருவிலும் பூங்காவிலும் பாலத்துச் சுவரிலும் வருகிற சிலை, சித்திரம், வளைவு எல்லாவற்றுக்கும் யார் கேட்பது, யார் செய்வது, யார் காசு, யார் காவல், எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்கிற ஒழுங்கு அது. இதை வெளிநாட்டிலிருந்து வாங்கி வரவேண்டிய சங்கதியாக நினைக்கிறார்கள். மேலூர், கொட்டாம்பட்டி, அழகர்கோயில் பக்கத்து ஊர்களில் இந்த ஒழுங்கு தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா பிறந்தது மேலூர்ப் பக்கத்தில், மண் வேலை செய்யும் ஒரு வேளார் வீட்டில். அய்யனாருக்குப் புரவி, அதாவது மண் குதிரை, எடுப்பதென்றால் முதலில் பொது இடமான மந்தையில் ஊர் கூடும். மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷமாக இருக்க வேண்டும். வரி போட்டால் கட்டுகிற நிலையில் வீடுகள் இருக்க வேண்டும். பங்காளிச் சண்டையும் மரியாதைச் சண்டையும் நிலுவையில் இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் புரவி எடுப்பு நிற்கும். பல வருஷம் நின்றுபோன ஊர்களும் உண்டு. எல்லாம் கூடி வந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விழும். பிறகு நல்ல நாள் பார்த்து அம்பலகாரர்கள் ஒரு பிடி மண் எடுத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து வேளார் கையில் கொடுப்பார்கள். வேளார் அதை வாங்கிவிட்டால் வேலை அவருடையது, ஊர் அதற்குக் கட்டுப்பட்டது. பிடிமண் கொடுப்பது என்று இதற்குப் பெயர். எந்த ஊர்க் கோயிலுக்கு எந்த வேளார் வீடு செய்வது என்ற உரிமை பரம்பரையாக வகுத்தது. களத்தில் நெல் அளக்கும்போது அந்த வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சில ஊர்களில் மானிய நிலமும் இருந்தது.

பிடிமண் வராமல் புரவி செய்யலாமா என்று சின்ன வயதில் தாய்மாமாவிடம் கேட்டேன். "ஊரு கேக்காம செஞ்சா அது பொம்மம்மா. ஊரு கேட்டாத்தேன் புரவி" என்றார். மூன்று வருஷம் ஓவியக் கல்லூரியில் படித்தும் இதைவிடத் தெளிவாகப் பொதுக் கலைக்கு யாரும் எனக்கு விளக்கம் சொன்னதில்லை.

மாமா விரதம் இருந்துதான் தொடங்குவார். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் நெல் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். வேகும்போது உமி எரிந்து மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத வழிகளை விடும், அதனால் கனத்த சுவர் வெடிக்காது. முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக. அவை ஓரளவு இறுகிய பிறகே வயிற்றைத் தூக்கிக் கட்ட முடியும். ஈரத்தில் ஏற்றினால் கால் பிதுங்கிவிடும், முழுக்கக் காய்ந்த பிறகு ஏற்றினால் ஒட்டாது. நடுவில் உள்ள அந்தப் பதத்தை மாமா பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்த்துச் சொல்வார். வயிற்றில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விடுவார், சூடு உள்ளே போக. கழுத்து, தலை, பிடரி, மணிமாலை, சேணம் என்று மேலே போகப் போக வேலை நுணுகும். ஆள் உயரப் புரவியைச் சூளைக்குத் தூக்கிப்போக முடியாது. நின்ற இடத்திலேயே விறகும் வரட்டியும் வைக்கோலும் சுற்றி அடுக்கி மூட்டம் போடுவார்கள். வெந்து ஆறிய பிறகு சுண்ணாம்பு, அதன்மேல் வண்ணம். கண் மட்டும் கடைசி.

எடுப்பு நாளன்று புரவிப் பொட்டலில் ஊர் திரளும். வேளார் கண் திறப்பார். தோளில் மூங்கில் ஏற்றி முதல் நாள் மந்தைக்கும் மறுநாள் அய்யனார் கோயிலுக்கும் கொண்டுபோவார்கள். சிவகங்கைச் சீமையை ஒட்டிய ஊர்களில் அரண்மனைப் புரவி முதலில் போகும், அடுத்து ஊர்ப் புரவி, அதன் பின்னால் பிள்ளை வரம் கேட்டவர்களும் மாடு பிழைத்தவர்களும் நேர்ந்துகொண்ட சிறு புரவிகள். எது யாருடையது, யார் செலவு என்பதில் குழப்பமே வராது.

கோயிலில் இறக்கி வைத்ததோடு அந்தப் புரவி வெயிலுக்கும் மழைக்கும் உரியது. முந்தின எடுப்பில் வந்தது காது போய், வால் போய், வேம்படியில் நிற்கும். அதற்கு முந்தினது கால்கள் மட்டுமாக. யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள். பழையது உதிர உதிரத்தான் புதியதற்கு ஊர் கூடும், வேளார் கைக்கு வேலை வரும், மாமாவின் மகன் நகத்தால் பதம் பார்க்கக் கற்பான். ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் மதுரை வட்டார வேளார்களோடு பழகி அவர்கள் கலையைப் பற்றி எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-ல் வெளியிட்டது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டு வழக்கங்களை ஒருவர் மரியாதையோடு குறித்து வைத்திருக்கிறார் என்ற நிறைவு எனக்கு. அதற்குப் பிறகு பல கோயில்களில் சிமெண்ட் குதிரைகள் வந்துவிட்டன. என்றைக்கும் நிற்கும் என்று சொல்லிக் கட்டுகிறார்கள். நிற்கின்றன. ஆனால் அந்த ஊர்களில் பிடிமண் கொடுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது, கூடவே வேளார் வீட்டின் கைவேலையும்.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் மரியாதை யாருக்கு என்று வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேர் வரிக்கணக்கிலும் இல்லை, மந்தைக் கூட்டத்திலும் இல்லை என்ற நிலை சாதியால் வந்தது. பெண்கள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. நகரம் இந்த வழக்கத்திலிருந்து கற்றுக்கொள்வதென்றால் அதன் நடைமுறையைக் கற்க வேண்டும், அதன் விலக்குகளை அல்ல.

நகரத்துக்கு வருவோம். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேருமிடத்தில் விளக்குத்தூண் நிற்கிறது. தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக் கூட்டத்தில் அந்த இடத்தைக் கடப்பதே பெரும்பாடு. பக்கத்தில் ஜிகர்தண்டா கடை, காவல் நிலையம். மதுரையில் ஒரு மனிதரின் நினைவாகத் தெருவில் எழுப்பிய பழைய சின்னங்களில் முக்கியமானது இது. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்னுக்காக ஊர் மக்கள் நன்றியோடு வைத்தது. நாயக்கர் காலக் கோட்டை ஊரை இறுக்கிப் பிடித்திருந்தது. மதில் இடிந்து, அகழியில் தண்ணீர் தேங்கி நோய் பரவியது. பிளாக்பர்ன் ஒரு வழி கண்டார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த மனை என்று அறிவித்தார். மக்களே இடித்தார்கள். அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. அளந்து கொடுத்த மாரட் பெயரில் ஒரு வீதி, வேலையை நடத்திய மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்குத் தூண் வைத்த ஊர், கொத்தனார்களின் தலைவனுக்குத் தெருப்பெயர் வைத்திருக்கிறது. மண் வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

விளக்குத்தூண் பிழைத்ததற்குக் காரணம் அது பயன்பட்டதுதான் என்று நினைக்கிறேன். விளக்கு எரிந்தது, வழி சொல்ல உதவியது, வட்டாரத்துக்கே பெயரானது. பிளாக்பர்ன் யார் என்று அங்கே ஜவுளி எடுக்க வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் அதை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தெருவே எழுந்து நிற்கும். யாரும் கேட்காமல் வந்த சிலைக்கு இந்தக் காவல் கிடைப்பதில்லை.

காவல் இல்லாத கலை எங்கே போகும் என்பதற்கும் மதுரையிலேயே கதை இருக்கிறது. மேலமாசி வீதியில் மதனகோபால சுவாமி கோயில். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு தூண் மண்டபம் இருந்தது. பின்னாளில் அது பிரிந்து, செதுக்கிய கற்கள் கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்தன. 1912-ல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண் அந்தக் கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். முதல் உலகப் போர்க் காலத்துப் பணிக்காக பிரான்சுக்குப் போனவர் 1919-ல் அங்கேயே இறந்தார். அவர் நினைவாகக் குடும்பத்தார் அந்தக் கற்களை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே தனி மண்டபமாக நிற்கின்றன, நன்றாகப் பாதுகாக்கிறார்கள். யாரும் திருடவில்லை. கல் குவியலாகக் கிடந்தது, கேட்டவர்க்கு விற்றார்கள். விற்கக் கூடாது என்று சொல்லவேண்டிய இடத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அதே பிலடெல்பியா நகரம் 1959-ல் ஒரு விதி கொண்டுவந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நிலத்தில் கட்டடம் எழுப்புகிறவர் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின. இந்தியாவில் டெல்லிக்கு 1973-ல் தனிச் சட்டம் போட்டு நகர்ப்புறக் கலை ஆணையம் அமைத்தார்கள். எங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்த ஊரே முந்திக்கொண்டு விதி வகுத்தது என்பதை மதுரைக்காரர்கள் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோபுரங்கள் வேறு கதை. சுதைச் சிற்பம் வெயிலில் வெடிக்கும், வண்ணம் மங்கும், ஆல விதை விழுந்து முளைக்கும். அதனால் ஏறத்தாழ 12 வருஷத்துக்கு ஒரு முறை குடமுழுக்கு. பாலாலயம் செய்து, சாரம் கட்டி, உடைந்த விரலை ஒட்டி, உதிர்ந்த முகத்தை மறுபடி எடுத்து, வண்ணம் தீட்டி முடித்த பிறகுதான் கலசத்தில் நீர். மீனாட்சியம்மன் கோயிலில் 1963, 1974, 1995, 2009 என்று நடந்திருக்கிறது. 12 என்ற கணக்கு எப்போதும் பிசகாமல் நடந்ததில்லை, 1974-க்கும் 1995-க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். ஆனால் தவணை தவறியது என்று ஊருக்கே தெரியும், கேட்பார்கள். பூங்காவில் நிற்கும் சிலைக்குத் தவணை எப்போது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு அதே கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. மண்டபத்துக்குள் இருந்த கடைகள் எரிந்தன, கல் தூண்கள் வெடித்துச் சரிந்தன. அதற்குப் பிறகு எதிரே இருக்கும் புது மண்டபத்துக் கடைகளையும் அகற்றிக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். புது மண்டபம் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தூண்களில் நாயக்க அரசர்களின் உருவங்கள், திருமலை நாயக்கர் தம் மனைவியரோடு. அந்த உருவங்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்து வளர்ந்தோம். பள்ளிச் சீருடை, நாடக உடுப்பு, சாமிக்குப் பாவாடை எல்லாம் அங்கேதான். கடைகள் போனது சரி என்றே நினைக்கிறேன். எண்ணெயும் புகையும் ஆணியும் அந்தக் கற்களுக்குச் செய்த கெடுதலை என் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் தையற்காரர்கள் பகல் முழுதும் அந்தச் சிற்பங்களோடு இருந்தவர்கள். எந்தத் தூணில் எந்தக் குதிரைக்குக் காது உடைந்தது, எப்போது உடைந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பியிருந்தால் அதைவிடச் சிறந்த பதிவேடு கிடைத்திருக்காது.

சிலைகளின் காலம் விடுதலைக்குப் பிறகு வேகம் பிடித்தது. தமுக்கத்தில் தமிழன்னை, கோரிப்பாளையத்தில் தேவர், அவுட்போஸ்ட்டில் அம்பேத்கர், பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிக் கட்டபொம்மன் என்று மதுரையில் வழி சொல்வதே சிலைகளை வைத்துத்தான். இவற்றைக் கும்பிடுகிறவர்களின் உணர்வை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். பல நூறு ஆண்டுகள் தெருவில் நடக்க உரிமை இல்லாதிருந்தவர்களுக்கு நாற்சந்தியில் சுட்டுவிரல் நீட்டி நிற்கும் ஒரு தலைவர் என்ன தருகிறார் என்பதை மற்றவர்கள் அளக்க முடியாது. ஆனால் சிலையை அவமதித்தால் ஊரைப் பற்றவைக்கலாம் என்று கண்டுகொண்டவர்களும் உண்டு. 1990-களில் சாதிக் கலவரங்களால் தென்மாவட்டங்கள் பட்டது போதும். 1997-ல் அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களையே எடுத்துவிட்டது. சிலைகள் இருந்தன, அவற்றைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வந்தது. ஒரு சிற்பி மூக்கையும் நெற்றியையும் எவ்வளவு கவனமாக வார்த்திருந்தாலும் இப்போது கம்பிக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும்.

விதி செய்ய வேண்டியவர்கள் செய்யாததால் நீதிமன்றங்கள் செய்தன. 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம், சாலையிலும் நடைபாதையிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது என்றது. 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், பொது இடங்களில் உள்ள சிலைகளைக் கண்டறிந்து அகற்றித் தலைவர்கள் பூங்கா அமைத்து அங்கே வைக்கும்படி உத்தரவிட்டார். நீதிமன்றத்தின் கவலை போக்குவரத்தும் அமைதியும், அது நியாயமான கவலை. ஆனால் எல்லாச் சிலைகளையும் ஒரே பூங்காவில் கொண்டுபோய் வைத்தால் ஒவ்வொன்றும் நின்ற இடத்தின் அர்த்தம் போய்விடும். மெரினாவிலிருந்து 2001 டிசம்பரில் கண்ணகி சிலையை எடுத்தபோது தமிழ்நாடே கொதித்தது, 2006-ல்தான் அது திரும்பி வந்தது. மதுரையை எரித்தவளுக்குச் சென்னைக் கடற்கரையில் என்ன வேலை என்று அன்று யாரும் கேட்கவில்லை. 1968-லிருந்து பார்த்துப் பழகிய இடத்தில் அவள் இல்லை என்பதுதான் எல்லோரையும் உறுத்தியது. அதே கடற்கரைச் சாலையிலிருந்து சிவாஜி கணேசன் சிலையை 2017-ல் நீதிமன்ற உத்தரவுப்படி அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றினார்கள். அங்கே அதற்கென்று ஒரு கட்டடம் தயாராக இருந்தது, கூச்சல் அடங்கிவிட்டது. எடுத்ததற்கும் மாற்றியதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம், போய்ச் சேரும் இடம் முன்பே தெரிந்திருந்ததுதான்.

சுவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. என் மாணவர்களில் சிலர் பேனர் எழுதுகிறவர்களாகப் போனார்கள். பிளெக்ஸ் வந்ததும் அவர்கள் தொழில் படுத்துவிட்டது. 2009-ல் சென்னை அண்ணா சாலையில் சுவரொட்டிகளைத் தடை செய்து, அப்படி வேலை இழந்த கைகளைக் கொண்டே மாநகராட்சி சுவர்களில் தமிழகக் காட்சிகளை வரையவைத்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. 1959-லிருந்தே பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கூடாது என்பதை மட்டும் சொல்லும் சட்டம் அது. அந்தச் சுவரில் என்ன வரலாம் என்று முதன்முதலாக யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று பட்டது.

எங்கள் பக்கத்திலும் ஒரு நீளச் சுவர் கிடைத்தது. பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க வரைந்தார்கள். வைகை, அழகர் இறங்கும் கூட்டம், தண்ணீர் பீய்ச்சும் ஆட்டுத்தோல் பை, ஓரமாக ஒரு புரவி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி குதிரையின் கண்ணைக் கடைசியில்தான் போடுவேன் என்று விடாப்பிடியாக நின்றாள், நான் சொன்ன கதையைக் கேட்டு. அடுத்த வருஷம் ஒரு பெரிய மனிதர் வருகைக்காக அந்தச் சுவர் ஒரே இரவில் வெள்ளையானது. பள்ளி திறந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "டீச்சர், யாருகிட்ட கேட்டு அழிச்சாங்க?" என்றாள். எனக்குக் கோபம் இன்றும் ஆறவில்லை. சுவர் அழியக் கூடாது என்பதல்ல என் வாதம், மண் புரவியே உதிரத்தான் செய்கிறது. அழிக்கும்போது வரைந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அழிப்பதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டும்.

இது வெறும் மரியாதைக் கணக்கு அல்ல, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகப் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்று செய்தார், சுமார் 140 அடி நீளம், 40 அடி உயரம். 1979-ல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவரிடம் கேட்காமல் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். உடைந்தது, சில பாகங்கள் காணாமல் போயின. அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைக் காட்டி, அரசு 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், மிஞ்சிய பாகங்களையும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விலை கொடுத்து வாங்கியவருக்கும் கலைஞனின் படைப்பைச் சிதைக்க உரிமை இல்லை என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆனால் எத்தனை ஒப்பந்தங்களில் இது ஒரு வரியாகவாவது இருக்கிறது?

மதுரை 1866-ல் நகராட்சியானது, 1971-ல் மாநகராட்சி, இன்று 100 வார்டுகள். இதற்குப் பொதுக் கலைக் கொள்கை எழுதுகிறவர்கள் முதலில் மந்தைக் கூட்டத்திலிருந்து தொடங்கட்டும். எந்தச் சந்திப்பில் எது வந்தாலும் அந்த வார்டு மக்கள், எல்லாச் சாதியும், பெண்களும், நடைபாதையில் கடை போட்டிருப்பவர்களும் உட்கார்ந்து கேட்ட பிறகு வரட்டும். அடுத்தது, செய்கிறவரின் பெயரைப் பீடத்தில் வெட்டுங்கள். திறந்து வைத்தவர் பெயர் எல்லாப் பீடத்திலும் இருக்கிறது. செய்தவர் பெயரைத் தேடிப் பாருங்கள், அனேகமாக இருக்காது. விளாச்சேரியில் கொலு பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்யும் குடும்பங்கள் நகரத்தின் வாசலிலேயே இருக்கின்றன. திருப்பரங்குன்றம் போகும் வழியில் ஒரு வட்டச் சாலைக்குப் புரவி வேண்டும் என்றால் பைபர் குதிரையை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம். அவர்களிடம் பிடிமண் கொடுங்கள். பத்து வருஷத்தில் உதிரும் என்று எழுதியே கொடுங்கள், பத்தாம் வருஷம் அவர்களுக்கு மறுபடி வேலை கொடுங்கள்.

செலவைப் பற்றி: திறப்பு விழாவுக்கு ஆகும் தொகைக்குச் சமமாக ஒரு தொகையைப் பராமரிப்புக்கென்று வங்கியில் போடாமல் எந்தச் சிலைக்கும் அனுமதி கூடாது. கோபுரத்துக்கு உள்ள தவணை சிலைக்கும் வேண்டும். வெண்கலத்துக்கு வெண்கலம் தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும், ஆண்டு விழாவுக்கு முதல் நாள் அலுமினிய பெயிண்ட் அடிக்கும் வழக்கம் நிற்கட்டும். எடுக்க வேண்டி வந்தால் எங்கே போகும், யார் மேற்பார்வையில் பிரிக்க வேண்டும், எந்த நேரத்தில் பிரிக்கக் கூடாது என்பதும் அனுமதித் தாளிலேயே இருக்கட்டும். மாட்டுத்தாவணியில் நடந்ததற்குப் பிறகும் இதை எழுதாமல் விட்டால் அது மன்னிக்க முடியாதது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பதிவேடு வேண்டும். அதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று பழைய மாணவர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொடங்கிவிட்டோம். கோடு போட்ட நீளமான கணக்கு நோட்டு. இடம், உருவம், எதனால் ஆனது, யார் கேட்டது, யார் செய்தது, எந்த ஆண்டு, இப்போது என்ன நிலை என்று கட்டங்கள். நான்கு மாசி வீதிகளில் தொடங்கினோம், முதல் வரி விளக்குத்தூண். யார் செய்தது என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே வருகிறது. ஆனால் சிலைக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவரிடமோ டீக்கடைக்காரரிடமோ விசாரித்தால் சில நேரம் ஒரு பெயர் கிடைக்கிறது, அவர் மகன் இன்ன தெருவில் பட்டறை வைத்திருக்கிறார் என்று வழியும் சொல்கிறார்கள். அடுத்து நாங்கள் போகப்போவது வைகையின் வடகரை, தல்லாகுளத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை. நக்கீரர் வாயிலையும் அதில் சேர்த்து எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம், இப்போதைய நிலை என்ற கட்டத்தில் 2025 பிப்ரவரியில் நடந்ததைக் குறித்து.